வைண்டரின் ஹெலிகாப்டரும் என் பானிபூரியும்

தங்கவயலில் இதுவரை பிறந்த மனிதர்களிலேயே மிகவும் பொறாமைப்படத் தகுந்தவர் வைண்டர்தான் என்று எந்தக் கோயில் வாசலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். இந்தத் துறையில் எனக்கு அனுபவம் உண்டு. பள்ளியில் என்னைவிட நல்ல கையெழுத்து வைத்திருந்தவன் முதல், அலுவலகத்தில் என்னைவிட ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வரை, இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லோர் மீதும் முறை வைத்துப் பொறாமைப்பட்டு முடித்திருக்கிறேன். அதெல்லாம் பயிற்சி ஆட்டம். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில், ஒரு மனிதர் பேட்டரியில் பறக்கும் ஹெலிகாப்டர் கட்ட ஆரம்பித்தபோதுதான் பொறாமை எங்கே வலிக்கும் என்று தெரிந்தது. வயிறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தவறு, கழுத்து. ஊரோடு சேர்ந்து நாமும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதே.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். அவருடைய மனைவியைக்கூட ஊர் வைண்டரம்மா என்றுதான் கூப்பிடும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வந்தது கேஜ் என்கிற இரும்புக் கூண்டில். அதை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் வைண்டர். கூண்டு அவர் கண்ணில் படவே படாது. தள்ளி ஒரு எஞ்சின் ரூமில், லீவரைப் பிடித்துக்கொண்டு, எதிரே உள்ள டயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூண்டுப் பக்கமிருந்து மணி வரும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு, தூக்கு. இன்னும் நிறைய உண்டு; இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சில நாள் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னிக்கு நம்ம வைண்டர் கை. எறங்குனதே தெரியல" என்பார். என் பரீட்சை மார்க்கைப் பார்த்து அவர் குரல் ஒருநாளும் அப்படிக் குழைந்ததில்லை. ஆக, என் பொறாமை கொஞ்சம் ஆழத்திலிருந்து வருவது.

இத்தனை பேரை ஏற்றி இறக்கிய வைண்டர், தான் கூண்டில் ஏறியது ஒரே ஒரு தடவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழக்கத்துக்காக அவரையும் உள்ளே அனுப்பினார்கள். அன்றைக்கு லீவர் பிடித்தவர் கூண்டைத் தடாலென்று தரையில் வைத்ததில் வைண்டருக்கு ஒரு கடைவாய்ப்பல் போயிற்று. அதோடு சரி. அடுத்தவர் கையை நம்பி எதிலும் ஏறுவதை விட்டுவிட்டார். ஊர்த் திருவிழாவில் ராட்டினத்தில் ஏற மாட்டார். கோலாரில் ஒரு கல்யாண மண்டபத்தில் லிஃப்டைப் பார்த்துவிட்டு, "இத்த யாரு ஓட்டறது?" என்று கேட்டார். யாரும் ஓட்டுவதில்லை, தானாகப் போகும் என்றார்கள். மூன்று மாடி நடந்தே ஏறிப் பந்தி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்.

சுரங்கம் மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டையில் பேட்டரி ரிப்பேர் கடை வைத்தார். மின்சார ஸ்கூட்டர், மின்சார ஆட்டோ எல்லாம் வந்த பிறகு கடை நன்றாகவே ஓடியது. ஆனால் பழக்கம் மாறவில்லை. கையில் பிடி என்று ஒன்று அகப்பட்டுவிட்டால் அவரிடம் யாரும் பேசக்கூடாது. ஸ்கூட்டர் கைப்பிடி, கிணற்றுக் கயிறு, பாயசம் கிளறும் கரண்டி, எதுவானாலும் சரி. "ஓட்டுபவரிடம் பேசாதே" என்று ஒரு பலகையை மூன்று மொழியில் எழுதச் சொல்லி வீட்டுக்குள் மாட்டியிருந்தார். பேசினால் பதில் வராது. வைண்டரம்மா பாவம், நாற்பது வருடமாக டம்ளரும் கரண்டியுமாகக் குடும்பம் நடத்துகிறார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, காய்கறிக் கடை வந்தால் சாவியால் மட்கார்டில் ஒரு தட்டு. வண்டி நிற்கும். கொதிக்கும் பாத்திரத்தை அவர் தூக்கிக்கொண்டு நிற்கும்போது டம்ளரில் இரண்டு தட்டு. பாத்திரம் இறங்கும். சத்தமே வராமல் இறங்கும். கோபம் வந்தால் என்ன செய்வீங்க அண்ணி என்று அவரை ஒருமுறை கேட்டேன். "தட்டவே மாட்டேன்பா. அப்டியே தூக்கினு நிக்கட்டும்" என்றார்.

இனி நான். ரயிலில் தினமும் பெங்களூர் போய் வரும் ஒரு சாதாரண குமாஸ்தாவாக இருந்தாலும், வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் லைனில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. குழாயடியில் என்னைப் பார்த்தால் இரண்டு பேராவது, "இந்த வாரம் இன்னா எழுதிக்கீற?" என்று கேட்பார்கள். யாரும் படித்ததில்லை, ஆனால் கேட்பார்கள். எழுத்தாளனுக்கு அது போதும். வைண்டர் வீட்டுப் பின்புறத்தில் அலுமினியக் குழாய் அறுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்த மாதமே அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

குழாயால் ஒரு கூடு. அதிலிருந்து வால் போல நீண்ட ஒரு குழாய், நுனியில் சின்ன விசிறி. தலைக்கு மேலே இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. தக்கை மாதிரி லேசான பொருளில் செதுக்கி, மேலே நார்த் துணி ஒட்டி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. கால்களை அறுத்த பிளாஸ்டிக் நாற்காலிதான் சீட். அதற்கடியில் அடிபட்ட ஸ்கூட்டர்களிலிருந்து பொறுக்கி எடுத்த நல்ல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி. ஆடாமல் நிற்க வைக்க, கல்யாணங்களில் டிரோன் விட்டுப் படம் எடுக்கும் ஒருவரிடம் வாங்கிய உள்ளங்கையளவு பெட்டி. "அதுக்கு மூள கீது, எனக்கு கை கீது. ரெண்டும் சேந்தா போதும்" என்றார்.

என் மனைவி ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு மாதமாக எரியாத எங்கள் வாசல் பல்பை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவே உட்கார்ந்து வைண்டரைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினேன். பறக்காத கோழி, ஓடாத தேர் என்று இரண்டு பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே விஷம் அதிகமானது. பத்திரிகை படத்தோடு போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனம் ஹெலிகாப்டர் பார்க்க வந்தது. வைண்டர் என் கட்டுரையை லேமினேட் செய்து பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவரிக்கும் என்னப் பத்தி யாரும் ஒரு வரி எழுதனதில்ல ரைட்டரே" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதும் படத்தைத் தாண்டிப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வந்த பாராட்டை வாங்கிக்கொண்டேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

முதல் சோதனை, சயனைடு மேட்டுக்குக் கீழே உள்ள திடலில். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாக நிற்கிறதே, அந்த மேடுதான். வண்டியைப் பாறைகளோடு நாலு பக்கமும் கயிற்றில் கட்டி, சீட்டில் மண்மூட்டையை உட்கார வைத்தார். வால் விசிறிக்கு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. வண்டி முழங்கால் உயரம் எழும்பியதும் பம்பரமாகச் சுற்றியது. மூட்டை கிழிந்தது. கீழே இருந்த மண்ணும் மூட்டையில் இருந்த மண்ணும் சேர்ந்து கிளம்பிப்போய், பாதி லைனில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் மேல் படிந்தது. ஏழெட்டுப் பெண்கள் ஓடி வந்து அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். கை லீவரில் இருந்ததால் வைண்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைச் சத்தமில்லாமல் இறக்கி, லீவரைவிட்டுக் கையை எடுத்து, பிறகு கும்பிட்டார். நான் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதிலிருந்து சோதனைக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டில் மூன்று மணி அடிப்பார். பெண்கள் துணி எடுத்துவிடுவார்கள். ஊரே அவருடைய மணிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டது.

யாரோ சொல்லி ஒரு போலீஸ்காரரும் வந்தார். சத்தியமாக நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்று யோசித்ததோடு சரி. அவர் வண்டியைச் சுற்றி வந்து, நாலு கயிற்றையும் இழுத்துப் பார்த்து, கட்டிப் போட்ட ஆடு எங்கேயும் ஓடாது என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லி, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். நாங்களும் அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டோம்.

பெங்களூரிலிருந்து வந்த ஓர் இஞ்சினியர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். லீவர் ஏன் சீட்டில் இல்லை? முப்பதடி ஒயரில் கட்டித் தரையில் ஒரு ஸ்டூலுக்கு முன்னால் இருக்கிறதே? ஸ்டூல் வேறு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறதே? அதற்கெதிரே எதற்கு ஒரு பழைய சுவர்க் கடிகாரம்?

கடிகாரம்தான் டயல். வண்டியிலிருந்து ஒரு நூல் வந்து உருளையில் சுற்றி, எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று முள்ளைத் திருப்பும். சீட்டின் கைப்பிடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஸ்டூல் பக்கத்தில் மின்சார மணி அடிக்கும். மேலே போகிறவர் மணி அடிக்க வேண்டும். கீழே இருக்கிறவர் டயலைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

"ஹெலிகாப்டர்ல டிரைவர் உள்ளதான் சார் இருக்கணும்" என்றார் இஞ்சினியர்.

"ஆள ஏத்தறவன் ஆளோட ஏறக்கூடாது" என்றார் வைண்டர். "ரூல்."

உலகத்தில் எத்தனையோ பேர் ஹெலிகாப்டர் செய்திருக்கலாம். அதைச் சுரங்கக் கூண்டாக நினைத்துக்கொண்டு செய்தவர் எங்கள் ஊரில்தான் இருக்க முடியும். ஊர்ப் பென்ஷன்காரர்களுக்கு இதில் எந்த விசித்திரமும் தெரியவில்லை. இஞ்சினியரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"அப்ப ஏறப்போறது யாருணா?" என்று நான் கேட்டேன்.

"நாந்தான். ஊரையே ஏத்தி எறக்கிட்டேன். ஒரு வாட்டி நானும் ஏறிப் பாத்துட்றேன்."

லீவர் பிடிக்க ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பழைய வைண்டர்களில் ஊரில் மிஞ்சியிருந்த ஒருவருக்குக் கை நடுக்கம். வேறு இரண்டு பேரை மண்மூட்டை வைத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஒருவர் இறக்கியதில் மூட்டை வெடித்தது. இன்னொருவர் இறக்கியதில் நாற்காலி உடைந்தது. வைண்டர் நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

இன்னொரு சிக்கல், எடை. அறுபது கிலோ மூட்டையை வண்டி தூக்கியது. அறுபத்தைந்து என்றால் முனகிக்கொண்டு தரையிலேயே தேய்ந்தது. வைண்டர் ஐந்தடி உயரத்தில் எழுபத்தாறு கிலோ. அரிசியை நிறுத்தினார். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு ஒரு வெள்ளரிக்காய். அறுபத்தெட்டு வயதில் மாரிக்குப்பம் வரைக்கும் நடந்து போய்வந்தார். முதல் மாதமே நாலு கிலோ இறங்கினார். நான் பயந்துபோனேன். இந்த மனிதர் பறந்தே விடுவார் போலிருக்கிறதே.

இங்கேதான் பானிபூரி வருகிறது. பங்காருபேட்டைப் பானிபூரி சாப்பிடாதவர்களுக்கு அதை விளக்கிப் பயனில்லை. தண்ணீர் பார்க்கப் பச்சைத்தண்ணி மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். வாயில் வைத்தால் காது வரைக்கும் போகும். வேலை முடிந்து ரயிலில் திரும்பும் வழியில் இறங்கி, பூரி தனியாக, மசாலா தனியாக, தண்ணீர் பாட்டிலில் தனியாக என்று கட்டி வாங்கி, அடுத்த வண்டி பிடித்து, நேராக வைண்டர் வீட்டுக்குப் போனேன். ஒருநாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. வாரத்துக்கு நாலு தடவை, இரண்டரை மாதம். என் மனைவிக்கு நான் வாழ்நாளில் வாங்கித் தந்த மொத்தப் பூரியைவிட அதிகம்.

"ஏன்பா இதெல்லாம்" என்பார் வைண்டர். சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார். எண்ணி முப்பது பூரி. வைண்டரம்மா தட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு மணி கேட்காது. எடை எழுபத்தெட்டுக்கு ஏறியது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்டவாளத்தில் மூன்று மணி அடித்தது. துணிகள் உள்ளே போயின. ஊர் திடலுக்கு வந்தது. வைண்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார்.

"ரைட்டரே, வெய்ட்டு எவ்ளோ கீற?"

"ஐம்பத்தாறுணா" என்றேன். வாழ்நாள் முழுக்க என்னைக் கேலிக்கு ஆளாக்கிய எண் அது. அன்றைக்கு முதல்முறையாக அதைக் கேட்டு நாலு பேர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போய் ஒக்காரு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ எதுக்கு பானிபூரி வாங்கியாந்தேன்னு எனக்குத் தெரியாதா? நான் எடை கொறஞ்சா நான் ஏறிடுவேன், உனக்கு சான்ஸ் போயிடும். அதானே? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. இதுக்குப் போய் இவ்ளோ செலவு பண்ணினு."

நான் ஏற ஆசைப்படவில்லை, நீங்கள் ஏறக்கூடாது என்றுதான் ஆசைப்பட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கை லீவருக்குப் போய்விட்டது. இனி பேச முடியாது. அதைவிட மோசம், அவர் சொன்னது உண்மை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உட்கார்ந்தேன். இடுப்பில் பட்டை போட்டார்கள். தலைக்கு மேலே இறக்கை சுற்ற ஆரம்பித்தது. ஒரு பெரிய மிருகம் என் உச்சந்தலையில் மூச்சு விடுவது போலிருந்தது. பொத்தானை மூன்று முறை அழுத்தினேன். தரை என்னைவிட்டு இறங்கியது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. நான் ஏறியதாகவே தெரியவில்லை.

நாலடி, எட்டடி, பதினைந்தடி. ஒரு பக்கம் மண்மேடு, தூரத்தில் சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரம், இந்தப் பக்கம் எங்கள் லைனின் கூரைகள். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பதும் தெரிந்தது; வாங்கிப் போட்டாயிற்று என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். தங்கவயலில் முதன்முதலாகப் பறந்த மனிதன் என்ற பெருமிதத்தோடு கீழே பார்த்தேன். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. எல்லாம் முதுகு. ஊர் முழுக்க வைண்டரைச் சுற்றி நின்றுகொண்டு, அவர் கையையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. பென்ஷன்காரர்களுக்கு ஏறுகிறவன் ஒரு சரக்கு. ஏற்றுகிறவன்தான் ஆள். இருபதடி உயரத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் மறுபடியும் அவர் மீது பொறாமைப்பட்டேன்.

அப்போது காற்று அடித்து வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவுதான். பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். வண்டி அந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. இறங்க எத்தனை மணி என்பது என் மூளையிலிருந்து சுத்தமாக அழிந்து போயிருந்தது. மறுபடி ஒன்று அழுத்தினேன். நின்றது. "எறக்குணா" என்று கத்தினேன். இறக்கைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓட்டுபவரிடம் பேச முடியாது. பேட்டரி தாங்குவது ஏழு நிமிஷம். மறுபடி ஒன்று. அந்த நேரத்தில் வைண்டர் சொன்னதைப் பிற்பாடு சொன்னார்கள். லீவரில் கை வைத்துக்கொண்டு அவர் பேசியது அந்த ஒரு தடவைதானாம். "இன்னும் கொஞ்சம் பாக்கணுமாம். பாக்கட்டும்."

கூட்டத்தில் ஒரே ஒரு முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. வைண்டரம்மா. நாற்பது வருடம் மணி அடித்தே குடும்பம் நடத்தியவருக்கு என் முகம் புரிந்துவிட்டது. கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார்.

இரண்டு அழுத்தினேன்.

எப்போது தரை வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ பட்டையைக் கழற்றியபோதுதான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்தது. அப்பா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அவர் முன்னால் இருந்திருந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நானும் அதையே சொல்லியிருப்பேன்.

கூட்டம் வைண்டரைத் தூக்கிக் கொண்டாட முயன்றது. எழுபத்தெட்டுக் கிலோ, முடியவில்லை. கலைந்து போன பிறகு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பானிபூரி விஷயத்தை உள்ளபடி சொன்னேன். கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இறக்கையைத் துடைத்தார்.

"கட்டுர படிச்சேன்பா. எழுத்துக் கூட்டிப் படிக்க நாலு நாள் ஆச்சு. கோழின்னு எழுதிக்கீறே. ஆனா போட்டோ நல்லா வந்துக்கீது."

"உங்களுக்கு ஏறணும்னு ஆசை போயிடுச்சாணா?" என்று கேட்டேன்.

"ஆச எங்க போகும். என்ன எறக்கறதுக்கு என்ன மாதிரி ஒருத்தன் வேணுமே" என்றார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. நாக்கு கடைவாய்ப் பக்கம் போய் வந்தது.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் எழுதுவதில்லை. திடலில் ஸ்டூலில் உட்கார்ந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு, மண்மூட்டையை ஏற்றி இறக்குகிறேன். வைண்டர் வண்டியைப் பார்த்து நின்று தண்டவாளத்தில் மணி அடிப்பார். இதுவரை பதினோரு மூட்டை வெடித்திருக்கிறது. ஆனால் போன இரண்டு வாரமும் ஒன்றும் கிழியவில்லை. போன ஞாயிறு மூட்டை இறங்கியதும் அவர் குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. என் கை லீவரில் இருந்தது.

வைண்டர் இப்போது அறுபத்து மூன்று கிலோ; இன்னும் மூன்று இறங்க வேண்டும். ரயில் பங்காருபேட்டையில் நிற்கும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.